பழைய தோல் ஃப்ளை வாலட்: பழுது பார்ப்பதும் ஃப்ளைகளால் நிரப்புவதும்

மூடி வைத்திருந்தால் பழைய பாஸ்புக் உறை மாதிரி இருக்கும். திறந்தால் உள்ளே ஃபெல்ட் துணியில் பக்கங்கள், அவற்றில் வரிசையாகக் குத்திய சின்னச் சின்னத் தூண்டில் முட்கள், ஒவ்வொரு முள்ளிலும் பட்டு நூலும் இறகும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. அந்தப் போலிப் பூச்சிக்குப் பெயர் ஃப்ளை. அதை வைக்கும் தோல் பைதான் ஃப்ளை வாலட். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் டிரவுட் மீன் பிடிப்பவர்களின் கோட்டுப் பையில் தலைமுறைகளாக இருந்த பொருள் இது. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டவர்கள் பிரிட்டிஷ்காரர்கள் என்பதால், மலைப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் எப்போதாவது கண்ணில் படலாம். பெரும்பாலும் இணைய ஏலத்தில்தான் கிடைக்கும்.

இதன் அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1880களுக்கு முன்பு ஃப்ளை கட்டும் முட்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலையில் வளையம் கிடையாது. முள்தண்டோடு சேர்த்து ஒரு துண்டுப் பட்டுப்புழு நரம்பை வைத்துக் கட்டிவிடுவார்கள். பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்த நரம்பு அது. ஸ்பெயினின் மூர்சியா பகுதி அதற்குப் பேர்போனது. காய்ந்தால் கம்பி போல விறைத்துக்கொள்ளும், மடித்தால் ஒடியும். அதை வளைக்காமல் நீளவாக்கில் வைக்கத்தான் வாலட்டுக்கு நீண்ட பக்கங்களும் ஓரத்தில் ஸ்பிரிங் கிளிப்புகளும் வந்தன. பிறகு வளையம் வைத்த முள் வந்தது, அலுமினியப் பெட்டி வந்தது, 1940களில் நைலான் நரம்பு வந்தது. நீரின் மேல் மிதக்கும் உலர் ஃப்ளைகள் பெட்டிக்குப் போய்விட்டன. தட்டையாகப் படுக்கும் ஃப்ளைகளுக்கு மட்டும் வாலட் நிலைத்துவிட்டது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வாலட்டை அதிகம் கெடுப்பவை இரண்டு, ஈரமும் அளவுக்கு மிஞ்சிய எண்ணெயும். கீழே சொல்லும் படிகளில் பலவும் இந்த இரண்டையும் உள்ளே விடாமல் இருப்பதற்குத்தான்.

முதலில் பார்வை, பிறகு ஃப்ரீசர்

எதையும் பிடுங்காமல், துடைக்காமல், ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படம் எடுத்து வையுங்கள். எந்தக் கிளிப்பில் எது இருந்தது, தையல் எத்தனை, பட்டை எந்தப் பக்கம் நுழைகிறது என்பதெல்லாம் பிரித்த பிறகு நினைவில் நிற்காது. மேல்தோல் என்ன வகை என்று பாருங்கள். மயிர்க்கால் துளைகள் மூன்று மூன்றாகக் கூடியிருந்தால் பன்றித்தோல். மணல் கொட்டியது போல மேடுபள்ளமாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டுத்தோல். வழவழவென்று இருந்தால் கன்றுத்தோல். தேய்ந்த ஓரத்தில் துணி இழை எட்டிப் பார்த்தால் அது தோலே இல்லை, துணிமேல் பூசிய போலி. இங்கே சொல்லும் தோல் வைத்தியம் எதுவும் அதற்குச் செல்லாது.

அடுத்தது பூச்சி. கம்பளி ஃபெல்ட்டும் இறகும் அந்துப்பூச்சிப் புழுவுக்கும் கம்பள வண்டின் புழுவுக்கும் விருந்து. ஃபெல்ட்டில் வழி வழியாக மேய்ந்த தடம், மணல் போன்ற எச்சம், உரித்துப்போட்ட பழுப்புச் சட்டை, ஹேக்கிள் (முள்ளைச் சுற்றிக் கட்டிய இறகு இழைகள்) தின்னப்பட்டு வெறும் நூலோடு நிற்கும் முள், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் சந்தேகம்தான். தென்படாவிட்டாலும் உறையவைப்பது நல்லது. வாலட்டை டிஷ்யூ தாளில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு ஜிப் பைக்குள் போடுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் இருக்கட்டும். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தோலின்மேல் காற்றின் ஈரம் பனித்து இறங்கும். 2 வாரம் காத்ததற்குப் பலன் முட்களில் துருவாகத் தெரியும்.

பாச்சா உருண்டை போட்டு மூடிவைப்பது பூச்சியைக் கொஞ்சம் தள்ளிவைக்குமே தவிர, உள்ளே ஏற்கெனவே இருக்கும் முட்டைக்கு அது மருந்து என்று நம்ப வேண்டாம். நாற்றமும் தோலில் ஏறி வருஷக்கணக்கில் போகாது.

பழைய ஃப்ளைகளை எடுப்பது

துருப்பிடித்த முள் ஃபெல்ட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இழுத்தால் முள்ளின் எதிர்வாய் (முனைக்கு அருகே பின்னோக்கி நிற்கும் கூர்) ஃபெல்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும், அல்லது முள்ளே ஒடியும். வளைவின் போக்கிலேயே முன்னே தள்ளி, முனை வெளிவந்ததும் சிறு இடுக்கியால் எதிர்வாயை நசுக்கிவிட்டுப் பின்னால் எடுங்கள். அசையாவிட்டால் ஃபெல்ட்டின் இரண்டு மூன்று இழைகளைச் சிறு கத்தரியால் வெட்டிவிடலாம். ஃபெல்ட்டை மாற்றலாம், நூறாண்டுப் பழைய ஃப்ளையை மாற்ற முடியாது.

நரம்பு கட்டிய ஃப்ளை என்றால் காய்ந்த நிலையில் நரம்பை நிமிர்த்தவே கூடாது. ஃப்ளையை நனைத்தால் பழைய சாயம் இறங்கும். நரம்பை மட்டும் ஈரப் பஞ்சில் 20 முதல் 30 நிமிஷம் சுற்றி வைத்தால் இளகும். பிறகு நேராக்கிக் காயவிட்டு, தனிக் காகித உறையில் பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள். இந்த ஃப்ளைகளைக் கொண்டு மீன் பிடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் நரம்புகூட முடிச்சுப் பக்கத்தில் உளுத்திருக்கும். முதல் மீனோடு ஃப்ளையும் போய்விடும், மீனின் வாயில் முள்ளும் தங்கிவிடும்.

தோலுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்தல்

வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, மடிப்புக்கு அருகில் லேசாகத் தேயுங்கள். துணியில் செங்கல் தூள் போலச் சிவப்புப் பொடி ஒட்டினால் தோல் உளுத்துவிட்டது என்று பொருள். தோல் வேலைக்காரர்கள் இதை ரெட் ராட் என்பார்கள். இன்னும் உறுதி வேண்டுமானால், மூடியின் உட்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பல்குச்சியால் ஒரு பொட்டுத் தண்ணீர் வையுங்கள். நல்ல தோலில் பொட்டு சற்று நேரம் நிற்கும். உளுத்த தோல் உடனே குடித்துக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு காய்ந்தாலும் போகாது, அந்த இடம் விறைத்தும் போகும். அதனால்தான் பொட்டு மட்டும், அதுவும் மறைவான இடத்தில்.

நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் நிறைந்த ஊர்களில், காற்றின் கந்தக வாயு தோலில் ஊறி அமிலமாக மாறியதுதான் இந்த நோய்க்கு மூலம். பதனிட்ட பட்டையைப் பொறுத்து நோயின் வேகமும் மாறும். இந்தக் கதையில் நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டு. மதராஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தோல்களில் ஏராளமானவை ஆவாரம்பட்டையில் பதனிட்டவை. புத்தகக் கட்டுமானத் தோல்கள் ஏன் உதிர்கின்றன என்று ஆராய லண்டன் கலைச் சங்கம் அமைத்த குழு, 1905-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த வகையை நீடிக்காத தோல்களில் வைத்தது. சுமாக் என்னும் செடியின் இலையில் பதனிட்டது நீடிக்கும் என்றது. ஆவாரந்தோல் செருப்புக்கும் பெட்டிக்கும் உழைக்கும். லண்டன் புகையில் நூறு வருஷம் நிற்க அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

உளுத்த தோலுக்குச் சோப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் விலக்கு. மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால், ஷேவிங் பிரஷ் போதும், பொடியைத் தட்டிவிடுங்கள். பூஞ்சணம் இருந்தால் வீட்டுக்கு வெளியே, முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிறகு பொடியைப் பிணைக்க ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் கரைசல். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லியில் 2 கிராம் தூளைக் கலக்கிக்கொண்டே தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். ஓர் இரவு மூடிவைத்தால் நீர்த்த கஞ்சி போலத் தெளிந்துவிடும். தட்டைத் தூரிகையால் மெல்லிதாக ஒரு கை. 2 மணி நேரம் காயவிட்டு இன்னொரு கை. 18 க்கு 10 செ.மீ. வாலட்டின் வெளிப்புறத்துக்கு மொத்தம் 15 முதல் 20 மில்லி போதும். அருகில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மேலே பளபளவென்று அரக்குப் பூச்சு இருக்கும் வாலட்டில் இதைத் தடவினால் ஆல்கஹால் பூச்சைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். மறைவிடத்தில் சோதித்துவிட்டே தொடங்குங்கள். மறுநாள் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை விரல் நுனியால் மெல்லத் தடவி, பருத்தித் துணியால் தேய்த்துவிட்டால் முடிந்தது. உளுத்த தோலை இது பழைய நிலைக்குக் கொண்டுவராது. இனி உதிராமல் பிடித்துவைக்கும்.

பொடி உதிராத நல்ல தோல் என்றால் வேலை சுலபம். பிழிந்த பஞ்சால், ஒரு தீப்பெட்டி அளவு இடமாக எடுத்துக்கொண்டு துடையுங்கள்; உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். முழுக்கக் காய ஒரு நாள் விட்டு, தோல் கிரீமில் ஒரு கொண்டைக்கடலை அளவு எடுத்து வாலட் முழுவதற்கும் பரப்புங்கள். ஆம், முழுவதற்கும் ஒரு கடலைதான். மறுநாள் தேய்த்துப் பாருங்கள். இன்னும் வறண்டு தெரிந்தால் மட்டும் இரண்டாம் கடலை.

பலர் வாலட்டைக் கொல்வது இந்த இடத்தில்தான். காய்ந்த தோலைப் பார்த்ததும் கை எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போகும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கடையில் விற்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் எதுவானாலும் முதல் வாரம் தோல் பளிச்சென்று இருக்கும். பிறகு எண்ணெய் காற்றோடு சேர்ந்து பிசினாகி, தோலைக் கறுக்க வைக்கும். மிச்சம் உள்ளே ஊடுருவி ஃபெல்ட்டில் இறங்கும், அங்கிருந்து ஹேக்கிள் இழைகளில் ஏறும். நீரில் மூழ்க வேண்டிய ஃப்ளை எண்ணெய் பூசிக்கொண்டு மேலே மிதக்கும். பித்தளைப் பொத்தானைச் சுற்றிப் பச்சை மெழுகு திரளும். ஒருமுறை ஊறிய எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை.

பித்தளை, எஃகு

அந்தப் பச்சை மெழுகு, செம்பும் தோலின் கொழுப்பும் சேர்ந்து உண்டாகும் களிம்பு. உலோகப் பாலிஷ் வேண்டாம்; அதன் தூள் தோலின் துளைகளில் போய் வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். மூங்கில் பல்குச்சியால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஒரு பூச்சு மெழுகு தடவினால் போதும். எஃகுக் கிளிப்பில் துரு என்றால் கீழே தடித்த பாலித்தீன் தாளைச் செருகிக்கொண்டு, கண்ணாடி இழைப் பேனாவால் (பேனா வடிவில் இருக்கும் கண்ணாடி இழைத் தூரிகை) தேய்த்து, அதற்கும் மெழுகு.

துருப்பட்ட இடத்தில் தோல் மைக்கறுப்பாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல்தான்: தோலின் டானினும் இரும்பும் சேர்ந்து கறை அல்ல, சாயமே ஆகிவிட்டது. அதை எடுக்கும் அமிலம் தோலையும் எடுத்துவிடும்.

டிச் பட்டன் பிடிப்பு தளர்ந்திருந்தால், குமிழ்ப் பக்கத்தை மெல்லிய இடுக்கியால் மிகக் கொஞ்சம் அகலப்படுத்தலாம். புதியதாக மாற்றப்போனால் பழைய பொத்தானைப் பிடுங்கும்போது தோல் வட்டமாகப் பிய்ந்துவிடும். மூடாத பொத்தானோடு வாழ்ந்துகொண்டு, மேலே ஒரு பருத்தி நாடா கட்டிக்கொள்வது மேல்.

தையல்

தெருவோரத்தில் கொக்கி ஊசியால் போடும் தையலுக்கு வாலட்டைக் கொடுக்காதீர்கள். அவருடைய கைவேலை செருப்புக்குச் சரி. ஆனால் அந்தக் குத்தூசி பழைய துளைகளுக்கு நடுவே புதுத் துளை போடும். உளுத்த தோலில் துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்து வந்துவிடும். பழைய துளைகளை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

அறுந்த நூலைத் துளை துளையாக வெட்டி இடுக்கியால் எடுங்கள். நல்ல நிலையில் உள்ள தையலைத் தொட வேண்டாம். தேவையானது 0.5 அல்லது 0.6 மி.மீ. லினன் நூல், தேன்மெழுகு, முனை மழுங்கிய 2 ஊசிகள். நூலின் நீளம், தைக்கும் நீளத்தைப்போல 4 மடங்கும் கூடவே ஒரு சாணும். 12 செ.மீ. ஓரத்துக்கு ஏறக்குறைய 70 செ.மீ. எடுத்தால் சரியாக வரும். நூலை மெழுகின்மேல் 3 முறை இழுத்து, இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. நல்ல தையலுக்குள் 2 துளை பின்னாலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழையும். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குத்திவிட்டால் நூல் இறுகாது, பிரிக்கவும் வராது. முடிவில் 2 துளை திரும்பித் தைத்து ஒட்ட வெட்டுங்கள். நூல் தோலின்மேல் படுத்தால் போதும், புதையும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

பாலியெஸ்டர் நூல் வலுவானது என்று எடுக்கத் தோன்றும். அந்த வலுதான் சிக்கல். வாலட் திணறும்போது லினன் அறுந்துவிடும், திரும்பத் தைக்கலாம். பாலியெஸ்டர் அறாது, தோல் அறும்.

மடிப்பில் பிளவு இருந்தால் உட்புறம் ஓர் ஒட்டு தேவை. ஜப்பானியத் தாளை (மெல்லிய, ஆனால் உறுதியான நீள இழைத் தாள்) பிளவைவிட ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. கூடுதலாகக் கையால் கிழித்து எடுங்கள், கத்தரியால் வெட்டினால் ஓரம் தடமாகத் தெரியும். கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, மெல்லிய தீயில் 15 நிமிஷம் கிளறினால் பசை தயார். ஆறவைத்து, வடிகட்டி, தாளின்மேல் தடவி ஒரு நிமிஷம் விட்டு, ஈரம் இறங்கிய பிறகு ஒட்டுங்கள். உளுத்த தோலில் முதலில் செல்லுலோஸ் கரைசல் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பசையின் ஈரமே கறுப்பாக்கிவிடும். வாலட்டைப் பாதி திறந்த நிலையில் காயவிடுங்கள். மூடிக் காயவிட்டால் திறக்கும்போது ஒட்டு உரியும், முழுக்கத் திறந்து காயவிட்டால் மூடும்போது சுருக்கம் விழும். மரவேலைக்கான வெள்ளைப் பசையும் சூப்பர் குளுவும் இந்த வேலைக்கு ஆகாது. ஒட்டு விறைத்து, அதன் ஓரத்திலேயே புதுப் பிளவு விழும்.

உள்பக்கங்கள்

ஃபெல்ட் ஓட்டையாகிவிட்டால் மாற்றலாம். 2 முதல் 3 மி.மீ. தடிப்பில் முழுக் கம்பளி ஃபெல்ட் வாங்குங்கள். பள்ளிக்கூடக் கைவேலைக்கு விற்கும் செயற்கை ஃபெல்ட்டில் முள் சரியாகப் பிடிக்காது, எதிர்வாயில் இழை சிக்கி நூல் நூலாக வரும். சிவப்பு, பச்சை ஃபெல்ட் என்றால் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்துச் சாயம் இறங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பக்கத்தையே அச்சாக வைத்து வெட்டி, பழைய தையல் துளை வழியே தையுங்கள். எடுத்த ஃபெல்ட்டைத் தூக்கிப் போடாமல் உறையில் வையுங்கள். பின்னால் விற்க நேர்ந்தால் அதுவும் கேட்பார்கள்.

மீன் பிடிக்கவே வாலட் வேண்டும் என்பவர்கள் ஃபெல்ட்டுக்குப் பதில் 2 மி.மீ. ஈவிஏ நுரைத்தாள் வைக்கலாம். அது தண்ணீர் குடிக்காது, முள் அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. பழமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தோல்தாள் (பார்ச்மென்ட்) பக்கங்கள் சுருண்டிருந்தால் இஸ்திரிப் பெட்டி காட்டவே கூடாது, சூட்டில் அப்பளமாகிவிடும். ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். செல்லுலாய்டு பைகள் மஞ்சளாகி, வெடித்து, கற்பூர வாசம் அடித்தால் கழற்றித் தனியே வையுங்கள். சிதையும் செல்லுலாய்டு விடும் வாயு முட்களை அரிக்கும், தீயும் சட்டென்று பற்றும்.

வாலட்டுக்கு ஏற்ற ஃப்ளைகள்

வாலட்டில் எதை வைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து அழுத்தும். ஆகவே முள்தண்டைச் சுற்றி விறைத்து நிற்கும் ஹேக்கிள் வைத்த உலர் ஃப்ளைகளுக்கு இங்கே இடமில்லை. பின்னால் சாய்ந்த மெல்லிய ஹேக்கிள், முதுகோடு படிந்த சிறகு, நீண்ட ஸ்ட்ரீமர் (சிறு மீனைப் போலக் கட்டிய ஃப்ளை) இவைதான் பொருந்தும். புதிதாகக் கட்டுபவர் ஒரே வகையில் ஒரு டஜன் கட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. முதல் நான்கும் குப்பைக்குத்தான் போகும். ஒன்பதாவதில் கை வந்துவிடும்.

தொடங்க ஏற்றது இங்கிலாந்தின் யார்க்ஷயர் ஆறுகளில் பிறந்த பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு. இரண்டே பொருள்: ஆரஞ்சுப் பட்டு நூல், சாம்பல் கௌதாரியின் பழுப்புப் புள்ளி இறகு. 14-ம் எண் வெட் ஃப்ளை (நீரில் மூழ்கும் ஃப்ளை) முள்ளை எடுத்து, கட்டுவதற்கு முன்பே எதிர்வாயை இடுக்கியால் நசுக்குங்கள். சில முட்கள் நசுக்கும்போது ஒடியும். கட்டி முடித்த பின் ஒடிந்தால் வேலை வீண். அதோடு நசுக்கிய முள் ஃபெல்ட்டைக் கிழிக்காமல் வழுக்கி வரும்.

முள்ளை வைஸில் (முள்ளைப் பிடித்து நிறுத்தும் சிறு பிடிப்பான்) தண்டு கிடைமட்டமாக இருக்கும்படி மாட்டுங்கள். மெழுகு தேய்த்த நூலை வளையத்துக்கு ஒன்றரை மி.மீ. பின்னால் தொடங்கி, சுற்று சுற்றோடு ஒட்டும்படி பின்னே கொண்டுபோங்கள். முள்முனைக்கு நேர் மேலே வந்ததும் நின்று, அதே போல முன்னே திரும்புங்கள். உடம்பு அவ்வளவுதான். இடைவெளி விட்டும் மேலேறியும் சுற்றினால் நனைந்ததும் மேடுபள்ளம் பளிச்சென்று தெரியும்.

இறகைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. இழையின் நீளம், தலையிலிருந்து பின்னே மடித்தால் முள்ளின் வளைவு வரை எட்ட வேண்டும். அதைத் தாண்டி ஓரிரண்டு மி.மீ. போகலாம், அதற்கு மேல் வேண்டாம். அடிப்பக்கப் பஞ்சை உரித்துவிட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற இழைகளை எதிர்த்திசையில் நீவிவிடுங்கள். நுனியை வளையத்துக்குப் பின்னால், பளபளப்புப் பக்கம் முன்னே பார்க்கும்படி 3 சுற்றில் கட்டுங்கள். அடித்தண்டை ஹேக்கிள் இடுக்கியில் பிடித்து 2 சுற்று மட்டும் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இழைகளைப் பின்னே நீவி, நூலால் 3 முறை அமர்த்தி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். தலையில் 5 சுற்று விப் ஃபினிஷ் முடிச்சு, அதாவது நூலின் முனையைச் சுற்றுகளுக்கு அடியிலேயே அடக்கும் முடிச்சு. ஊசி நுனியில் ஒரு துளி வார்னிஷ் தொட்டு வையுங்கள், வளையம் அடைபட்டால் ஒரு பழைய இறகுத் தண்டை அதனுள் விட்டு இழுங்கள்.

தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே: தலையில் இடமில்லாமல் போவது. நூலை வளையத்தோடு ஒட்டித் தொடங்கியிருப்பீர்கள், அல்லது ஹேக்கிள் 4 சுற்று போயிருக்கும். இழை நிறைய இருந்தால் நீரில் அசையாது. தட்டையாகப் படுக்கவும் படுக்காது. இழைகள் எண்ணிவிடும்படி இருந்தால்தான் சரியான ஃப்ளை. இறகுத் தண்டு சுற்றும்போது அறுந்தால் நுனிக்கு மிக அருகே கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள், 2 மி.மீ. கீழே கட்டுங்கள்.

கௌதாரி இறகு இல்லையென்றால் நாட்டுக்கோழிப் பெட்டையின் புள்ளி இறகு நன்றாகவே வரும். கோழிக்கடையில் கேட்டு வாங்கி, ஷாம்பூவில் அலசி, நிழலில் காயவைத்து, வாலட்டுக்குச் செய்தது போல ஃப்ரீசரில் 2 வாரம் வைத்துவிட்டே மேஜைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் சுத்தம் செய்த வாலட்டுக்குள் புழுவை நீங்களே குடிவைத்தது போலாகும்.

அடுத்த படி கிரீன்வெல்ஸ் குளோரி. 1854-ல் டர்ஹாம் பேராலயப் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல்லுக்காக, ட்வீட் நதிக்கரை ஸ்ப்ரூஸ்டனில் இருந்த ஜேம்ஸ் ரைட் கட்டியது. மஞ்சள் பட்டு நூலில் கறுத்த கோப்ளர் மெழுகை (செருப்புத் தைப்பவர்கள் நூலுக்குத் தேய்க்கும் மெழுகு) அது ஆலிவ் நிறத்துக்கு மாறும்வரை தேய்க்க வேண்டும். இந்த ஃப்ளையின் உயிர் அந்த நிறத்தில்தான். மேலே மெல்லிய தங்கநிறக் கம்பி 4 அல்லது 5 சுற்று. நடுவில் கறுப்பும் ஓரத்தில் செம்பழுப்புமான பெட்டை இறகு 2 சுற்று. சிறகுக்கு அன்று கரும்பறவை இறகு. இன்று ஸ்டார்லிங் அல்லது காட்டுவாத்து இறகு. இடச் சிறகு இறகு ஒன்று, வலச் சிறகு இறகு ஒன்று, ஒவ்வொன்றிலிருந்தும் 2 மி.மீ. அகலத் துண்டு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தண்டின் மேல் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, நூலைத் தளர்வாக விரல்களுக்கு நடுவே மேலேற்றி, நேர்கீழே இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் சிறகு சுருண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். பிடியை 3 சுற்று முடியும்வரை விடக்கூடாது.

ஸ்ட்ரீமர்கள் வாலட்டின் நீளத்துக்கென்றே பிறந்தவை போல இருக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் கட்டிய கிரே கோஸ்ட் அதற்குப் பேர்போன உதாரணம். அதன் கன்னத்தில் மெழுகு பூசியது போல மின்னும் வெள்ளைப் புள்ளி இறகு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. பழைய வாலட்டுகளில் இதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம், ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து அவ்வளவு போயிருக்கிறது. இன்று 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. மேலைநாட்டுக் கடைகள் பண்ணையில் வளர்த்த பறவையின் இறகை விற்கின்றன. இந்தியாவில் கட்டுபவர்கள் கறுப்புக் கோழி இறகில் வெள்ளை எனாமல் பொட்டு வைத்துக்கொள்வதே வழி. மீனுக்கு அது போதும்.

அடுக்கி வைப்பது

வார்னிஷ் காய 24 மணி நேரம் விடுங்கள். தொட்டால் காய்ந்தது போல இருக்கும் வார்னிஷ், மூடிய வாலட்டின் அழுத்தத்தில் ஃபெல்ட்டோடு ஒட்டும். மறுநாள் எடுத்தால் ஃப்ளையின் தலையில் சிவப்புப் பஞ்சு முளைத்திருக்கும்.

முள்முனையை ஃபெல்ட்டின் மேல்தளத்திலேயே 3, 4 மி.மீ. ஓடவிட்டு வெளியே எடுங்கள். செங்குத்தாகக் குத்தினால் முனை தோலைத் தொடும். அங்கே மீண்டும் அந்த இரும்பு மைக்கறைதான். எல்லா வளையங்களும் ஒரே பக்கம் பார்க்கட்டும். எதிர்ப்பக்கத்து ஃப்ளைகள் இந்தப் பக்கத்து இடைவெளிகளில் வந்து விழும்படி வரிசையை அரை ஃப்ளை அளவு தள்ளி வையுங்கள். ஒரு பக்கத்துக்கு 12 முதல் 15 வரை போதும். மூடிப் பார்க்கும்போது பட்டை தானாகக் கொளுவிக்கு வர வேண்டும்; இழுத்து மாட்ட வேண்டியிருந்தால் 3, 4 ஃப்ளைகளைக் குறையுங்கள். அந்த இழுவை முழுவதும் நீங்கள் தைத்த மடிப்பில்தான் ஏறும்.

நசுங்கிய ஹேக்கிளைப் பார்த்து வருந்த வேண்டாம். இடுக்கியில் பிடித்து, கொதிக்கும் கெண்டியின் மூக்குக்கு ஒரு சாண் மேலே 5 முதல் 10 விநாடி ஆவி காட்டினால் இழைகள் பழையபடி விரியும். காய்ந்த பிறகே உள்ளே.

ஆற்றில் பயன்படுத்திய ஃப்ளையை நேராக வாலட்டுக்குள் திருப்பி வைக்காதீர்கள். சட்டைப் பையின்மேல் ஒரு துண்டு கம்பளியைப் பின் குத்தி வைத்துக்கொண்டு அதில் மாட்டிவையுங்கள். வீட்டுக்கு வந்து இரவு முழுக்கக் காற்றில் காய்ந்த பிறகு அதனதன் இடத்துக்குப் போகட்டும். மழையில் வாலட்டே நனைந்துவிட்டால் எல்லா ஃப்ளைகளையும் எடுத்துவிட்டு, பக்கங்களுக்கு நடுவே ஒற்றுத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிற்கவையுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் ஆகாது. தோல் வேகமாகக் காய்ந்தால் சுருங்கி விறைக்கும்.

வைக்கும் இடத்தில் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வரும். கடலோர ஊர்களில் அலமாரிக்குள் அதற்கு மேல்தான் இருக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வாலட்டை வைத்து, பக்கத்தில் 10 கிராம் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும் மலிவான ஈரப்பதமானி ஒன்றும் போடுங்கள். பொட்டலம் தோலைத் தொடாமல் இருக்கட்டும், தொட்ட இடம் மட்டும் வறண்டு வெடிக்கும். மாதம் ஒருமுறை திறந்து, எதிர் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் சாய்த்துப் பாருங்கள். ஃபெல்ட்டில் புதிதாக மணல் போல எதுவும் உதிர்ந்திருந்தால் வாலட் மறுபடியும் ஃப்ரீசருக்கு.